ஐம்பது ஹெக்டேர் நிலமும் ஒருவரித் தேர்தலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய அச்சு வடிவம்)



உலக அரசியலைப் பற்றி ஆண்டுக்கு ஓர் உரையாவது தமிழில் நிகழ வேண்டும் என்று விரும்பிய ஒரு பெரியவரின் பெயரால் கூடியிருக்கிறோம். குடியேற்ற நாடுகள் விடுதலை அடைந்த வரலாறு நமக்குப் பள்ளிப் பாடம். ஆள வந்தவன் கப்பலேறுகிறான், ஆளப்பட்டவன் கொடியேற்றுகிறான். ஹாங்காங்கின் கதை அப்படிப்பட்டதல்ல. 1997 ஜூலை 1-ஆம் நாள் அந்த ஊர் ஓர் அரசின் கையிலிருந்து இன்னோர் அரசின் கைக்கு மாறியது. மாற்றத்துக்குப் பிறகு அங்கே எப்படிப்பட்ட ஆட்சி நடக்கும் என்பதை லண்டனும் பெய்ஜிங்கும் 1982 முதல் 1984 வரை பேசி எழுதி வைத்தன. அங்கே வாழ்ந்த ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் பெயரால் அந்த மேசையில் யாரும் உட்காரவில்லை.

இன்று நான் முன்வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான். பேச்சை முறித்துவிடும் வலிமை யாருக்கு இருந்ததோ, அவருடைய காரியங்கள் ஒப்பந்தத்தில் அளவு, விகிதம், தேதி என்று இறுக்கமாக எழுதப்பட்டன. அந்த வலிமை இல்லாதவர்களின் காரியம், அதாவது தங்களை ஆளப்போவது யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, ஒரு வரியில் முடிந்தது. பின்னால் வந்த நாற்பது ஆண்டுச் சச்சரவு முழுவதும் அந்த ஒரு வரியின் மேல் நடந்ததுதான். இதை ஆறு கூறுகளாகச் சொல்கிறேன்.

1. கேள்வியை எழுப்பியது நிலம்

ஹாங்காங் தீவை 1842-இல் நான்கிங் ஒப்பந்தத்தின் வழி பிரிட்டன் நிரந்தரமாகப் பெற்றது. எதிர்க்கரையில் உள்ள கௌலூன் முனை 1860-இல் அதே வகையில் சேர்ந்தது. வடக்கே பரந்து கிடக்கும் புதிய பிரதேசங்கள் மட்டும் 1898 ஜூலை 1 முதல் 99 ஆண்டுக் குத்தகை. மொத்த நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்தக் குத்தகை நிலம்தான். கௌலூனுக்குள் பவுண்டரி ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு இருக்கிறது. அதன் தென்புறம் பிரிட்டனுக்கு நிரந்தரச் சொத்து, வடபுறம் குத்தகை. கட்டடங்களைப் பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் பழைய கை டாக் விமான நிலையம் அந்தக் கோட்டுக்கு வடக்கே இருந்தது. குவாய் சுங் சரக்குப் பெட்டகத் துறைமுகமும் குத்தகை நிலத்தில்தான். குத்தகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வது வரைபடத்தில் முடியும், வாழ்க்கையில் முடியாது.

புதிய பிரதேசங்களில் அரசு வழங்கிய மனைக் குத்தகைகள் அனைத்தும் 1997 ஜூன் 27-ஆம் நாள், மூலக் குத்தகை முடிவதற்கு மூன்று நாள் முன்பு, காலாவதியாகும்படி எழுதப்பட்டிருந்தன. வீட்டுக்கடன் பதினைந்து ஆண்டுக்கு என்றால் 1982-க்குப் பிறகு அங்கே எந்த வங்கி கடன் கொடுக்கும்? இந்தக் கவலையோடுதான் ஆளுநர் முர்ரே மக்லஹோஸ் 1979 மார்ச்சில் பெய்ஜிங் சென்றார். 1997-ஐத் தாண்டியும் மனைக் குத்தகை வழங்க இசைவு கிடைக்குமா என்று சீனத் தலைவர் தெங் சியாவ்பிங்கிடம் கேட்டார். தெங் இரண்டு செய்திகளைச் சொன்னார். ஹாங்காங்கின் இறையாண்மை சீனாவுடையது. முதலீட்டாளர்கள் மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளலாம். ஊர் திரும்பிய ஆளுநர் மக்களிடம் இரண்டாவதை மட்டும் சொன்னார். பங்குச் சந்தை ஏறியது. முதல் செய்தியை அறியும் உரிமை யாருக்கு இருந்ததோ, அந்த மக்கள் அதை அறியாமலே மூன்று ஆண்டுகள் கழிந்தன. பேச்சுவார்த்தை முழுவதையும் பிடித்த நோய்க்கு முதல் அறிகுறியாக இதை நான் பார்க்கிறேன்.

2. மூன்றாவது நாற்காலி

ஐ.நா.வில் சீனா 1971 அக்டோபரில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டே ஹாங்காங்கையும் மக்காவையும் குடியேற்ற நாடுகளின் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னது. நீக்கினார்கள். பிரிட்டன் உரக்க எதிர்க்கவில்லை. பட்டியலில் உள்ள நாட்டுக்குத் தன்னுரிமை உண்டு, தனி நாடாகும் வாய்ப்பு உண்டு. பட்டியலை விட்டு வெளியேறிய ஊருக்கு அது இல்லை. பேச்சுவார்த்தை தொடங்குவதற்குப் பத்தாண்டு முன்பே ஹாங்காங் மக்களின் நாற்காலி இப்படி எடுக்கப்பட்டுவிட்டது.

1982 செப்டம்பர் 24-இல் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் தெங்கைச் சந்தித்தார். ஃபாக்லாந்து வெற்றி நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பழைய ஒப்பந்தங்கள் சட்டப்படி செல்லும் என்பது அவருடைய வாதம். அந்த ஒப்பந்தங்களைச் சீனா எந்நாளும் ஒப்புக்கொண்டதில்லை. இறையாண்மை பேரத்துக்குரிய பொருளே அல்ல என்றார் தெங். ஓரிரு ஆண்டுக்குள் உடன்பாடு வராவிட்டால் சீனா தன் முடிவைத் தானே அறிவித்துவிடும் என்றும் கெடு வைத்தார். இறையாண்மையைக் கொடுத்துவிட்டு நிர்வாகத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது பிரிட்டன் முதலில் எண்ணியது. அது நடக்காது என்று தூதர் பெர்சி கிராடக் உணர்த்தினார். 1983 மார்ச்சில் சீனப் பிரதமர் ஜாவ் ஜியாங்குக்குத் தாட்சர் ஒரு கடிதம் எழுதினார். ஏற்கத்தக்க ஏற்பாடுகள் அமைந்தால் இறையாண்மை மாற்றத்தை நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைக்க ஆயத்தம் என்ற அந்தக் கடிதம்தான் கதவைத் திறந்தது. ஜூலையில் முறையான சுற்றுகள் தொடங்கின. மொத்தம் 22 சுற்றுகள்.

முதல் சுற்றுக்கு முன்பே ஒரு மோதல். ஆளுநர் எட்வர்ட் யூட், தாம் ஹாங்காங் மக்களின் சார்பில் கலந்துகொள்வதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். அவர் பிரிட்டன் குழுவின் ஓர் உறுப்பினர், அவ்வளவே என்று சீன வெளியுறவு அமைச்சகம் உடனே மறுத்தது. லண்டன், பெய்ஜிங், ஹாங்காங் என்ற மூன்று கால் முக்காலி என்ற பேச்சே சீனாவுக்கு ஆகவில்லை. 1984 மார்ச்சில் ஹாங்காங் சட்டமன்றத்தில் ரோஜர் லோபோ ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த உடன்பாடும் முடிவாவதற்கு முன் இந்த மன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும் என்பது மட்டுமே அதன் கோரிக்கை. அதற்கே பெய்ஜிங் சினந்தது. மே மாதம் மன்ற உறுப்பினர்கள் லண்டன் போனார்கள். அங்கும் வரவேற்பு ஆறியிருந்தது. ஜூனில் சுங் சே-யுவென், லிடியா டன், கியூ. டபிள்யூ. லீ ஆகிய மூவரும் பெய்ஜிங் போய்த் தெங்கைப் பார்த்தார்கள். தனி மனிதர்களாக வந்திருக்கிறீர்கள், அப்படியே பேசலாம் என்றார் தெங்.

இங்கே நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மூவரும் ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்கள். மக்கள் வாக்களித்து அனுப்பியவர்கள் அல்ல. மன்றத்தில் அன்று ஒருவர்கூட வாக்குப் பெற்று வந்தவர் இல்லை. ஆகவே தெங்கின் பேச்சை மறுக்க அவர்கள் கையில் ஆதாரம் இல்லை. அந்த ஆதாரத்தைத் தராமல் வைத்திருந்தது பிரிட்டன். 1946-இல் ஆளுநர் மார்க் யங், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கொண்ட நகராட்சி மன்றம் ஒன்றை முன்மொழிந்தார். அவருக்குப் பின் வந்த அலெக்சாண்டர் கிரந்தம் அதில் ஆர்வம் காட்டவில்லை. 1952-இல் திட்டம் கைவிடப்பட்டது. தேர்தல் வைத்தால் கம்யூனிஸ்டுகளுக்கும் கோமிங்டாங்குக்கும் களமாகிவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த அச்சத்தில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் 1984-இல் ஹாங்காங்கின் சார்பில் ஒரு குரல் எழாமல் போனதன் வேர் அங்கே இருக்கிறது. சீனாவை மட்டும் குற்றம் சாட்டி எழுதப்படும் வரலாறு பாதி வரலாறு.

3. சந்தைக்கு இருந்த வாக்கு

மக்களுக்கு நாற்காலி இல்லை. பணத்துக்கு இருந்தது. 1983 செப்டம்பரில் நடந்ததைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம்.

சுற்றுகளின் உள்ளடக்கம் பரம ரகசியம். ஒவ்வொன்றின் முடிவிலும் ஓரிரு வரி அறிக்கை வரும். ஜூலையில் பேச்சு பயனுள்ளதாகவும் ஆக்கபூர்வமாகவும் இருந்தது என்றார்கள். செப்டம்பர் சுற்றில் அந்த அடைமொழிகள் காணவில்லை. நிர்வாகத்தை விட்டுக்கொடுக்கப் பிரிட்டன் இன்னும் இசையவில்லை என்று ஊர் புரிந்துகொண்டது. செப்டம்பர் 24, சனிக்கிழமை, ஒரு அமெரிக்க டாலருக்கு 9.6 ஹாங்காங் டாலர் என்ற அளவுக்கு நாணயம் சரிந்தது. கடைகளில் அரிசி மூட்டைகளையும் கழிவறைக் காகிதத்தையும் மக்கள் வாரிக்கொண்டு போனார்கள். சில கடைகள் விலையை அமெரிக்க டாலரில் எழுதி ஒட்டின. மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 17 முதல், ஒரு அமெரிக்க டாலருக்கு 7.80 என்று நாணயத்தைக் கட்டிவைத்தது அரசு. அந்தக் கட்டு இன்றுவரை அவிழவில்லை.

பிரிட்டன் பொருளாதாரத்தைச் சீட்டாக ஆடுகிறது என்று பெய்ஜிங் குற்றம் சாட்டியது. லண்டனோ நடுங்கிப்போயிருந்தது. சீனா சொல்லும் ஏற்பாட்டின் அடிப்படையில் பேசிப் பார்க்கலாம் என்ற நிலைக்குத் தாட்சர் அரசு இறங்கியது அந்த அக்டோபரில்தான். 1984 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹவ் ஹாங்காங்குக்கே வந்து, 1997-க்குப் பிறகு பிரிட்டிஷ் நிர்வாகம் தொடராது என்று வெளிப்படையாக அறிவித்தார்.

ஒரு சனிக்கிழமையின் நாணயச் சரிவு இரு தலைநகரங்களையும் அசைத்தது. பணம் ஊரைவிட்டுப் போய்விடும், அப்படிப் போனால் திரும்பப்பெறுவது வெறும் பாறைதான் என்ற அச்சம் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது. வீடும் வேலையும் அங்கேயே உள்ள சாதாரண மனிதர் போவதற்கு இடம் இல்லை. 1981-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பிரிட்டனில் குடியேறும் வழியை ஏற்கெனவே அடைத்திருந்தது. முதலீட்டைப் போல மக்களும் எழுந்து போகக்கூடியவர்களாக இருந்திருந்தால் பேச்சின் போக்கு வேறாக இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

4. எழுதப்பட்டதும் எழுதாமல் விடப்பட்டதும்

கூட்டுப் பிரகடனம் என்ற அந்த ஒப்பந்தம் 1984 செப்டம்பர் 26-இல் சுருக்கொப்பமிடப்பட்டது. டிசம்பர் 19-இல் பெய்ஜிங் மக்கள் பேரவைக் கூடத்தில் தாட்சரும் ஜாவ் ஜியாங்கும் கையெழுத்திட்டார்கள். எட்டுப் பத்திகள், மூன்று இணைப்புகள். முதல் பத்தியில் சீனா தன் முடிவைத் தனியாக அறிவிக்கிறது. இரண்டாவதில் பிரிட்டன் தன் முடிவைத் தனியாக அறிவிக்கிறது. இரு தரப்பின் கௌரவமும் காப்பாற்றப்பட்டது. 1985 ஜூனில் ஐ.நா.வில் பதிவும் ஆயிற்று. இராஜதந்திரக் கைவேலை என்ற அளவில் இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாணவர்கள் படித்துப் பார்க்க வேண்டிய ஆவணம்.

மூன்றாம் இணைப்பைப் பாருங்கள். அது நிலத்தைப் பற்றியது. 1997 ஜூன் 30-ஐத் தாண்டிச் செல்லும் எல்லாக் குத்தகைகளும் செல்லும். அந்த நாளுக்கு முன் காலாவதியாகும் பெரும்பாலான குத்தகைகளை 2047 ஜூன் 30 வரை நீட்டலாம். அதற்குக் கூடுதல் விலை கிடையாது. ஆனால் சொத்தின் வாடகை மதிப்பில் 3 சதவீதம் ஆண்டு வாடகை. பிரிட்டன் அரசு ஆண்டுக்கு 50 ஹெக்டேருக்கு மேல் புதிய நிலம் வழங்கக் கூடாது. நில வருவாயில் செலவு போக மிச்சத்தை இன்றைய அரசும் நாளைய அரசும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் கண்காணிக்க ஒரு நில ஆணையம். ஊரைவிட்டுப் போகிறவர் நிலத்தை விற்றுக் கஜானாவைக் காலி செய்துவிட்டுப் போவாரோ என்ற சந்தேகம் சீனாவுக்கு. போகும்வரை அரசு நடத்தப் பணம் வேண்டுமே என்ற கவலை பிரிட்டனுக்கு. இரண்டும் மேசையில் இருந்தன. ஆகவே கணக்கு துல்லியமாக வந்தது.

முதல் இணைப்பிலும் துறைமுகம், சுங்கம், கப்பல், விமானப் போக்குவரத்து, நாணயம் எல்லாம் விரிவாகவே இருக்கின்றன. இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹாங்காங்கிலேயே அமையும், தேவைப்பட்டால் பிற பொதுச்சட்ட நாடுகளின் நீதிபதிகளை அழைக்கலாம் என்பதும் இருக்கிறது. ஆட்சி அமைப்புக்கு வரும்போது எழுத்து மெலிந்துவிடுகிறது. தலைமை நிர்வாகி, தேர்தல் வழியாகவோ உள்ளூரில் நடக்கும் கலந்தாலோசனை வழியாகவோ தெரிவு செய்யப்பட்டு மத்திய அரசால் நியமிக்கப்படுவார். சட்டமன்றம் தேர்தல்களால் அமையும். நிர்வாகம் சட்டமன்றத்துக்குப் பொறுப்புடையது. அவ்வளவுதான். யார் வாக்களிப்பது, எத்தனை இடங்கள் நேரடித் தேர்தலில், வேட்பாளரைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கு, பொறுப்பு என்றால் பதவி நீக்கும் வரை போகுமா என்பவற்றில் ஒன்றுக்கும் விடை இல்லை. சட்டமன்றத் தேர்தல் பற்றிய அந்த ஒரு வாக்கியமே சுருக்கொப்பத்துக்கு முந்தைய கடைசி நாட்களில்தான் உள்ளே வந்தது. பிரிட்டன் எம்.பி.க்களும் ஹாங்காங் மக்களும் ஒப்பந்தத்தை விழுங்குவதற்கு அது தேவைப்பட்டது. இந்த மெலிவை நான் கவனக்குறைவு என்று எண்ணவில்லை. விரித்து எழுதியிருந்தால் கையெழுத்தே விழுந்திருக்காது என்று இரு தரப்புக்கும் தெரியும்.

மக்களின் கருத்து கேட்கப்பட்டதா? ஒரு மதிப்பீட்டு அலுவலகம் திறந்தார்கள். அது நேர்மையாக நடக்கிறதா என்று பார்க்க பேட்ரிக் நேர்ன், நீதிபதி சைமன் லீ இருவரையும் அமர்த்தினார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரியையும் திருத்த முடியாது, ஏற்காவிட்டால் ஒப்பந்தமே இல்லாமல் 1997 வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பெரும்பாலோர் ஏற்கத்தக்கது என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்?

நமக்குப் பக்கத்தில் நடந்த ஓர் ஒப்பந்தத்தை இங்கே நினைவூட்டுவது பொருந்தும். பிரெஞ்சு இந்தியப் பகுதிகளின் எதிர்காலம் குறித்து 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். அது மக்கள் அனைவரின் வாக்கெடுப்பு அல்ல. சுற்றிலும் நெருக்கடி இருந்ததும் உண்மை. ஆனாலும் கைமாற்றத்துக்கு முன் அந்த ஊராரின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் கூடிச் சொன்னார்கள். இந்தியாவும் பிரான்சும் 1956 மே 28-இல் கையெழுத்திட்ட ஒப்படைப்பு உடன்படிக்கையில், அப்பகுதிகளின் நிர்வாக நிலையில் அரசமைப்பு மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யலாம் என்று ஒரு விதி இருக்கிறது. ஹாங்காங் பிரகடனத்தில் அப்படி ஒரு விதியைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

5. வெற்றிடத்தை நிரப்பும் போட்டி

எழுதாமல் விட்டதை நிரப்புவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தன. என் கணிப்பில், கைநழுவிய வாய்ப்பு 1984 அல்ல. 1985 முதல் 1988 வரையிலான ஆண்டுகள்.

1985 செப்டம்பரில் முதன்முறையாகச் சட்டமன்றத்துக்கு 24 பேர் மறைமுகத் தேர்தலில் வந்தார்கள். பாதிப்பேர் தொழில்வழித் தொகுதிகளிலிருந்து: வணிகர், வங்கியாளர், வழக்கறிஞர், மருத்துவர், ஆசிரியர் என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு தொகுதி. நேரடித் தேர்தல் 1988-இல் வரும் என்ற எதிர்பார்ப்பு பரவலாக இருந்தது. அதற்குள், ஹாங்காங்கில் சீன அரசின் பிரதிநிதியாகச் செயல்பட்ட ஷின்ஹுவா செய்தி நிறுவனத்தின் ஹாங்காங் தலைவர் சூ ஜியாத்துன், பிரகடனத்தை மீறி நடக்கிறார்கள் என்று செய்தியாளர் முன் எச்சரித்தார். 1997-க்கு முன் செய்யும் மாற்றங்கள், ஹாங்காங்கின் ஆட்சிமுறைக்காகச் சீனா இனிமேல் எழுதப்போகும் அடிப்படைச் சட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்குப் பிரிட்டன் இணங்கியது.

1987-இல் மக்களின் கருத்தை அறிய ஒரு கருத்தறியும் அலுவலகம். 1988-இலேயே நேரடித் தேர்தல் வேண்டும் என்று இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அவை கையெழுத்து இயக்கம் என்று தனியே ஒதுக்கப்பட்டன. வேண்டாம் என்று அச்சடித்து, பல நிறுவனங்களில் ஊழியர்களிடம் கொடுக்கப்பட்ட ஒரே மாதிரியான கடிதங்கள் தனித்தனிக் கருத்துகளாக எண்ணப்பட்டன. விளைவு, மக்கள் கருத்து பிளவுபட்டிருக்கிறது என்ற அறிக்கை. நேரடித் தேர்தல் 1991-க்குத் தள்ளிப்போயிற்று. இதைச் செய்தது பெய்ஜிங் அல்ல, பிரிட்டிஷ் அரசு. இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும். கையெழுத்திட்டவர்கள் தங்கள் பெயரையும் அடையாளத்தையும், இன்னும் பத்தாண்டில் யார் கைக்குப் போகும் என்று தெரிந்தே, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவர்கள்.

பிறகு 1989 ஜூன் 4. தியானன்மென் கொலைகளுக்கு முன்னும் பின்னும் ஹாங்காங் தெருக்களில் பத்து லட்சம் பேர் அளவில் திரண்டார்கள். அடிப்படைச் சட்ட வரைவுக் குழுவில் 59 பேர், ஹாங்காங்கிலிருந்து 23 பேர். அவர்களில் மக்களாட்சிக் கோரிக்கைக்கு முகமாக இருந்த மார்ட்டின் லீயும் செட்டோ வாவும் அதன்பின் குழுவில் இல்லை. 1990 ஜனவரி, பிப்ரவரியில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்டும் சீன அமைச்சர் சியன் சிச்சென்னும் ஏழு கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். எத்தனை இடங்களை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யலாம் என்ற பேரம் அது. அறுபதில் 1991-இல் 18, 1997-இல் 20, 1999-இல் 24, 2003-இல் 30. ஒரு நகரத்தின் பன்னிரண்டு ஆண்டு அரசியல் வளர்ச்சி இரண்டு அமைச்சர்களின் அஞ்சலில் நிர்ணயமாயிற்று. அந்த மக்கள் இதை அறிந்தது 1992 அக்டோபரில், கடிதங்கள் வெளியிடப்பட்டபோது.

அவை வெளிவந்ததற்குக் காரணம் கடைசி ஆளுநர் கிறிஸ் பாட்டன். ஒப்பந்தம் எழுதாமல் விட்ட இடங்களைப் பயன்படுத்திக்கொண்டார். வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18. புதிய ஒன்பது தொழில்வழித் தொகுதிகளில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் வாக்கு. ஏறக்குறைய 27 லட்சம் பேர். ஒப்பந்தத்தின் எழுத்துக்கு இது முரண் இல்லை. ஏழு கடிதங்களின் கருத்துக்கு முரண் என்றது சீனா. சீனாவின் ஹாங்காங்-மக்காவ் விவகார அலுவலகத் தலைவர் லூ பிங், பாட்டனை ஆயிரம் ஆண்டுக்கும் பாவி என்றார். 1993-இல் பதினேழு சுற்றுப் பேச்சு முறிந்தது. 1995-இல் தேர்தல் நடந்தது. சீனா அந்த மன்றத்தை ஏற்கவில்லை. 400 பேர் கொண்ட தேர்வுக் குழு ஒன்று 1996 டிசம்பரில் ஷென்ஜென் நகரில் கூடி, தற்காலிகச் சட்டமன்றத்துக்கு 60 பேரைத் தெரிவு செய்தது. கைமாற்ற இரவில், பொழுது விடிவதற்குள் அந்த மன்றம் முதல் சட்டத்தை நிறைவேற்றியது. 1998 தேர்தலில் தொழில்வழித் தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை இரண்டு லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

பாட்டன் செய்தது சரியா என்று கிராடக் முதல் பலர் கேட்டார்கள். 1985-இல் செய்திருந்தால் வேர்பிடித்திருக்கும், 1992-இல் செய்ததால் பிடுங்கப்பட்டது என்பது என் முடிவு. ஆனாலும் 1995-இல் முதல்முறை வாக்களித்த ஆலைத் தொழிலாளிக்கு அந்த அனுபவம் வீண் அல்ல.

6. பொருள் சொல்லும் அதிகாரம்

கடைசிக் கூறு சுருக்கமானது. ஒரு வரி எழுதி விட்டால், அதற்குப் பொருள் சொல்கிறவர்தான் ஆட்சியாளர். பிரகடனம் தீர்ப்பாயம் எதையும் அமைக்கவில்லை. இரண்டாம் இணைப்பு அமைத்த கூட்டுத் தொடர்புக் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2000 ஜனவரி 1-இல் அதுவும் முடிந்தது. அடிப்படைச் சட்டத்தின் 158-ஆம் பிரிவு, பொருள்கூறும் இறுதி அதிகாரத்தைப் பெய்ஜிங்கில் உள்ள தேசிய மக்கள் பேரவையின் நிலைக்குழுவுக்கு அளித்தது. அந்தச் சட்டத்தின் 45, 68-ஆம் பிரிவுகள் அனைவருக்கும் வாக்குரிமை என்பதை இறுதி இலக்காகக் குறிக்கின்றன. எப்போது என்று சொல்லவில்லை. 2004-இல் நிலைக்குழு, மாற்றத்தைத் தொடங்குவதற்கே தன் இசைவு வேண்டும் என்று பொருள் சொன்னது. 2014 ஆகஸ்ட் 31-இல், தலைமை நிர்வாகிக்கு மக்கள் வாக்களிக்கலாம், ஆனால் வேட்பாளர்களை ஒரு நியமனக் குழு வடிகட்டும் என்றது. அதை எதிர்த்துக் குடை இயக்கம் என்ற போராட்டம் எழுந்தது. 2019-இன் பெரும் போராட்டங்களுக்குப் பிறகு 2020-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம். 2021-இல் மன்றம் 90 இடங்களாக விரிந்து, நேரடித் தேர்தல் இடங்கள் 35-லிருந்து 20-ஆகச் சுருங்கின. இதற்கு முன்பே, 2017-இல், பிரகடனம் ஒரு வரலாற்று ஆவணம், இன்று அதற்கு நடைமுறைப் பொருள் இல்லை என்று சீன வெளியுறவுப் பேச்சாளர் சொல்லிவிட்டிருந்தார்.

என் வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தெங் நினைத்திருந்தால் ஒரு பிற்பகலில் உள்ளே வந்திருக்கலாம். தண்ணீரும் உணவும் அவர் கையில். ஆகவே கிடைத்ததே பெரிது என்பார்கள். இதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நீதிமன்றங்களும் பத்திரிகைகளும் கைமாற்றத்துக்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் தாங்கின என்றால் அதற்கு 1984-இன் எழுத்து ஒரு காரணம். ஆனால் நிலத்துக்கும் நாணயத்துக்கும் அத்தனை இறுக்கமாக எழுத முடிந்தவர்களுக்கு, அதே சீனாவிடமிருந்து, தேர்தல் இடங்களுக்கு ஒரு கால அட்டவணை கேட்டுப் பார்க்க முடியாதா? 1990-இல் ஹர்ட் கடிதத்தில் கேட்டார், எண்ணிக்கை கிடைத்தது. 1984-இல் அது போல ஓர் எண்ணிக்கையைப் பிரகடனத்தில் ஏற்றியிருந்தால், அதைக் குறைப்பதற்கு இன்றைய விலையைவிடக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்திருக்கும். அந்தக் கேள்வியை முன்னால் வைக்க மேசையில் ஆள் இல்லை.

அந்த ஆளில்லாத நிலை முடிந்துவிடவில்லை. ஹாங்காங்கின் முறை மாறாமல் இருக்கும் என்று பிரகடனம் வாக்களித்த ஐம்பது ஆண்டு 2047-இல் நிறைவடைகிறது. இப்போதைய முறை நெடுங்காலம் தொடரும் என்று ஷி ஜின்பிங் 2022-இல் ஹாங்காங்கில் உரையாற்றினார். நிலத்துக்கோ உரை போதவில்லை; 2024 ஜூலை 5 முதல் ஒரு சட்டமே நடப்புக்கு வந்திருக்கிறது. காலாவதியாகும் பொதுக் குத்தகைகள், அரசு விலக்கி அறிவித்தவை போக, தாமாகவே மேலும் 50 ஆண்டுக்கு நீளும். கூடுதல் விலை இல்லை. ஆண்டு வாடகை, வாடகை மதிப்பில் அதே 3 சதவீதம்.